போர் தண்ணியில் கழுவிய ஸ்கூட்டர்

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. கோர்வையாக எழுத வராது. பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, காரைக்காலில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். நாலு வருஷமாக வரவில்லை. அந்தப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஊருக்கு வந்தால் முதல் நாளே, அஸர் தொழுதுவிட்டு, பழைய ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போவான். போக வர அரை மணி நேரம்தான். அவன் தோளில் கை வைத்துக்கொண்டு போகிற அந்த அரை மணி நேரத்தை நினைத்துத்தான் மிச்ச நாளையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவன் இங்கே இருந்தபோது வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போவான். அவன் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பெண், பஸ் போய்விட்டது, மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று வண்டி கேட்டு வந்தாள். சாவி மகனிடம் இருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். சாவி என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது.

மகன் வருவதற்குள் வண்டியைத் தயார் செய்ய மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் புது பேட்டரி போட்டு, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் டொக்கென்று குத்திக்கொண்டு இறங்கியது. முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் குலுக்கலைத் தாங்க இருக்கிற ஷாக்கப்சர் போய்விட்டதாம். குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, வண்டிய கடல்ல எறக்கி ஓட்டுனீங்களா?" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, வாரா வாரம் கழுவுவதைச் சொன்னேன்.

"என்ன தண்ணி?"

"போர் தண்ணிதாங்க."

"உப்பா?"

"வாயில வெக்க முடியாது."

"வாயில வெக்க முடியாத தண்ணிய வண்டி மேல ஊத்தலாமாம்மா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. உள்ளே ஏறி இறங்குகிற கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு ரப்பரைக் கிழித்து, எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டதைக் காட்டினார். ஓடாமல் நின்றதும் சேர்ந்துகொண்டதாம். பழைய வண்டி, சாமான் உள்ளூரில் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் தேடி நாலாம் நாள் ஒரு ஜோடி கொண்டுவந்தார். அடியில் செங்கல் கொடுத்து நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். துருப்பிடித்த போல்டுகள் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தட்டித் தட்டி எடுப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. புதுசை மாட்டிவிட்டு ஹேண்டில்பாரை அமுக்கிக் காட்டினார். மெத்தென்று இறங்கி, மெள்ள ஏறியது. நானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

"இனிமே கழுவாதீங்க. தினம் கொஞ்ச தூரமாச்சும் ஓடணும். இல்லன்னா இதுவும் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மகன் போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை, அடுத்த பெருநாளைக்குப் பார்க்கலாம் உம்மா என்றான். வண்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதுவரை யார் ஓட்டுவது? ரெண்டு நாள் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். சாவியை நீட்டினேன். "அன்னிக்கும் இது எங்கிட்டதாம்மா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும் பெரியம்மா. முந்தானையில முடிச்சு தெரிஞ்சுச்சே" என்று சிரித்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, "ஏறுங்க. எங்க போவணும்?" என்றாள்.

கடற்கரைக்கு என்றேன். அவள் தோளில் கை வைத்தேன். சின்னத் தோள். வேகத்தடையில் குலுக்கலே இல்லை. அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மகனை நினைத்து அழுதுவிட்டேன்.

இப்போது அவள் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். மகனிடமும் சொல்லிவிட்டேன். எதையும் அசைக்காமல் வைத்திருந்தால் அவன் போன நாளிலேயே காலம் நிற்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஏக்கம் கொஞ்சமும் குறையவில்லை, வண்டியாவது ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷாக்கப்சர் விஷயத்தில் தப்பாக ஏதாவது எழுதியிருந்தால், விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துப் போடுங்கள்.