மூன்றாம் முறை பாடிய அரசி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது என் அக்காவுக்கு உண்மையாகவே நேர்ந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

அக்கா நாடகப் பாடகி. பல ஆண்டுகள் பின்பாட்டுப் பாடியவளுக்கு முதன்முறையாக அரசி வேடம் கிடைத்திருந்தது. அது நூறாண்டுக்கு முந்தைய இசை நாடகம். அது முதன்முதலில் நடந்த அதே அரங்கு. மறுநாள் அரங்கேற்றம். அவளுக்கோ தொண்டைப் புண். "நாளைக்குக் குரல் வேணும்னா, இன்னைக்கு ஒரு பாட்டோட நிறுத்திக்கங்க" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

ஒத்திகை நாளின் நண்பகல். அனைவரும் உணவருந்தச் சென்றிருந்தனர். மேடைக்குக் கீழே, அவளுக்கு முதுகு காட்டியபடி, ஆர்மோனியக்காரர் மட்டும் அமர்ந்திருந்தார். நஞ்சருந்திய அரசி பாடிக்கொண்டே உயிர்விடும் காட்சி. அக்கா பாடி முடித்தாள். கண்மூடிச் சாய்ந்தாள்.

"ஒன்ஸ்மோர்!"

மேல்மாடத்திலிருந்து ஒரு குரல். அக்கால மேடை வழக்கம் அது. ரசிகர்கள் கேட்டுவிட்டால், செத்தவரும் எழுந்து பாடிவிட்டுத்தான் மறுபடி சாக வேண்டும்.

"யாருப்பா அது? சாப்பிட்ட தெம்பா?" என்றார் ஆர்மோனியக்காரர். "எழுந்திரும்மா, ராணி. உயிரை அப்புறமா விட்டுக்கலாம்."

அக்கா சிரித்துவிட்டாள். இத்தனை ஆண்டுகளாகப் பிறருக்கே கிடைத்த 'ஒன்ஸ்மோர்', இன்று அவளுக்கு! எழுந்து பாடினாள். பாதியிலேயே தொண்டை தீயாய் எரிந்தது. இருமலை விழுங்கிக்கொண்டு சாய்ந்தாள்.

"ஒன்ஸ்மோர்!"

இப்போது ஒரு குரல் அல்ல. நூறு குரல்கள். பலகைத் தரையில் கால்கள்... தட்... தட்... தட்...

அக்கா கண்களைச் சற்றே திறந்தாள். மாடத்தில் ஒருவரும் இல்லை.

ஆர்மோனியம் மீண்டும் தொடங்கியது. எழக்கூடாது என்று நினைத்தாள். உடல் தானாக எழ முயன்றது...

பக்கத்தில் ஒரு மூச்சு.

யாரோ ஒருத்தி அருகில் படுத்திருந்தாள்.

குளிர்ந்த கை அக்காவின் நெஞ்சை அழுத்தியது.

"நீ படும்மா... இந்தத் தடவை நான் போறேன்..."

அக்கா கண்களை இறுக மூடினாள். காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

கைகளை எடுத்தபோது... அமைதி.

ஆர்மோனியக்காரர் முகத்தைத் துடைத்தபடி திரும்பினார். "தொண்டைப் புண்ணுன்னு யார்கிட்ட கதை விடுற? மூணாவது தடவை பாடுன பாரு, அதுதாம்மா பாட்டு!"

மறுநாள் அக்காவின் குரல் உடையவில்லை. நாடகம் முடிந்த பின்னரே அரங்கின் உரிமையாளர் வாய் திறந்தார். இந்த வேடத்தை முதலில் ஏற்ற நடிகை, கடுங்காய்ச்சலுடன் இதே மேடையில் இருமுறை பாடினாராம். மூன்றாம் முறை கேட்டபோது அவர் எழவில்லை. நடிப்பென்றே எண்ணிய ரசிகர்கள், விளக்கை அணைக்கும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்களாம்.