மெர்குரி கண்ணாடி மாப்பிள்ளை

குளச்சல் டிஜோவுக்குப் பெண் பேசிக்கொடுத்த கல்யாண புரோக்கர் நான்தான். அதைச் சொல்லவே இப்போது வாய் கசக்கிறது.

முப்பத்தாறு வயது, குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் நாலைந்து பெண்களைக் கழித்துவிட்டுப் போவான். வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துப் பெண் பார்க்கும் வழக்கம் அவனுக்கு ஆகாது. குவைத்திலிருந்து ஒரு ஹெல்மெட் கொண்டுவந்திருந்தான். முன்னால் மெர்குரி கண்ணாடி. எதிரே நிற்பவருக்குத் தன் மூஞ்சிதான் தெரியும். உள்ளே இருப்பவன் கண் எங்கே மேய்கிறது என்று தெரியாது. அதை மாட்டிக்கொண்டு, பெண் வந்து இறங்கும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே புல்லட்டை நிறுத்துவான். அரைமணி நேரம் பார்ப்பான். இறைச்சிக் கடையில் தொடையைத் திருப்பிப் பார்ப்பவன்கூட கடைக்காரனுக்கு முகத்தைக் காட்டுவான்.

ஒருநாள் அந்த ஹெல்மெட்டை என் கையில் தந்தான். தலை எண்ணெய், வியர்வை, பாக்கு எச்சில் எல்லாம் ஊறிய நாற்றம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கமிஷனை நினைத்து அவனை விடவில்லை.

கடைசியில் இராஜாக்கமங்கலம் துறையில் சிலுவை என்பவரின் மகள் ஜினிஷா அமைந்தாள். நர்ஸ், வயது முப்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசி முறிந்திருந்தது. "இதும் போச்சுன்னா இனி ஆரு வருவா?" என்று சிலுவை என் கையைப் பிடித்துக் கேட்டார்.

கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு இருவர் பேரையும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். இரண்டு முடிந்தது. மூன்றாவதற்கு நாலு நாள் இருக்கும்போது டிஜோ போன் செய்தான்.

"அண்ணே, டூட்டி விட்டு வரும்ப அவ ஆரு கூடப் பேசுகான்னு ஒருக்கா பாக்கணும்."

"எலே, ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இனி என்னத்தப் பாக்க?"

"அவளுக்கு ஆளு தெரியாதுல்லா. ஹெல்மெட்டு போட்டிருப்பேனே."

கடற்கரையில் முகத்தைப் பார்த்தா ஆளை அடையாளம் காண்கிறார்கள்? வண்டிச் சத்தம், உட்காரும் கோணல், செருப்புக்கு வெளியே நீட்டும் பெருவிரல், இது போதும். இதைக்கூட அறியாதவன் ஊர்க்காரன்தானா?

நான் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, அவன் புல்லட்டை நிறுத்தியிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். தடுக்கப் போகவில்லை, வேடிக்கை பார்க்கத்தான்.

ஜினிஷா பஸ்சைவிட்டு இறங்கினாள். கூட வந்த சஜிதா, "ஏட்டி, ஒனக்க மாப்பிள நிக்கான்" என்றாள். ஜினிஷா நேராக ரோட்டைக் கடந்து வந்தாள். அவன் ஹெல்மெட் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, பல்லிடுக்கில் இருந்த கீரையை நகத்தால் எடுத்தாள்.

"அனங்காம இருங்கண்ணே, முடிய ஒதுக்கட்டு."

கட்டிக்கொள்ளப் போகிறவனை அண்ணன் என்றாள். டீக்கடையே சிரித்தது.

"நல்லா பாத்தியளா? பொறத்தாலயும் திரும்பணுமா?"

கண்ணாடியைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். அவள் காத்து நின்றாள். அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சிலுவையைப் போனில் கூப்பிட்டுக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

"இனி ஆரும் வரலைன்னா, மக்களே?" என்றாராம் சிலுவை.

"வராண்டாம்பா."

ஞாயிறு வேறு பேர்களை வாசித்தார்கள். பூசை முடிந்ததும் சிலுவை என்னிடம் வந்தார்.

"நீரு அங்க டீ குடிச்சிட்டு இருந்தீராமே?"

"ஆமா."

அவர் மணலில் காறித் துப்பிவிட்டுப் போனார். என் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது.