சோணையம்மாள் விரலில் மாட்டிய கிளிப்பு

சந்தேகப்படுவதற்கென்று காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடம் திறந்திருந்தால் சோணையம்மாள்தான் அதற்குத் தலைமை ஆசிரியை. பால்காரர் ஊற்றிய பாலில் விரல் விட்டுப் பார்ப்பாள். தையல்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, விரித்துப் பார்ப்பாள். கோயில் விபூதியை மட்டும் மோந்து பார்க்காமல் பூசிக்கொள்வாள். அதுவும் பூசாரி சொந்தக்காரர் என்பதால்.

தொண்ணூற்றாறாம் வருசம் அவள் கணவர் ஐயனார் கொத்தனார், நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுச் சுவரைப் பூசும்போது சாரம் சரிந்து விழுந்தார். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடப்பக்க விலா முறிந்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று கவனிக்கச் சொன்னார் டாக்டர். அரை மயக்கத்தில் கிடந்தவருக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் மெர்சி வந்து அவர் கண்ணில் டார்ச் அடித்தாள், பேர் கேட்டாள், தோளில் கிள்ளினாள். கட்டிக்கொண்ட நானே இத்தனை வருசத்தில் கிள்ளியதில்லையே என்று சோணையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து அவர் விரலில் ஒரு கிளிப்பு ஏறியது. ஊசி கிடையாது, வலிக்காது, நாடியையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனையும் வெளியிலிருந்தே சொல்லிவிடும் என்றாள் மெர்சி. கிளிப்புக்குள் சிவப்பு வெளிச்சம். பக்கத்துப் பெட்டி நாடித் துடிப்புக்கு ஒன்றாகக் கீச் கீச்சென்றது. அதிலிருந்த ஆக்சிஜன் எண் தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றாறாகி, தொண்ணூற்றைந்தானது.

ஆகா, ஊசி இல்லாமலே ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள். விழுந்து கிடக்கிற மனுசனிடமா?

மெர்சி ரத்த அழுத்தக் கருவியை எடுக்கப் பக்கத்து வார்டுக்குப் போனதும், சோணையம்மாள் கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். போர்வைக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்தாள். எடுப்பதென்றால் என்னிடம் எடுக்கட்டும்.

டாக்டர் வந்தார். பெட்டி தொண்ணூற்றொன்பது காட்டியது. நாடியும் பிரமாதம். இப்படியே இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். 'திறக்க' என்றதுமே கீச்சுகள் தலைதெறிக்க ஓடி, பிறகு அடங்கின.

கருவியோடு திரும்பும்போதே அந்த ஓட்டத்தைக் கேட்டுவிட்ட மெர்சிக்குச் சந்தேகம் தட்டியது. அரை மயக்கத்தில் கிடப்பவர் எதைக் கேட்டுப் பயந்தார்? அவளும் சும்மா சொல்லிப் பார்த்தாள்: "வயித்தைத் தொறக்கணும்னா மதுரைக்குத்தான் கொண்டு போகணும்."

பெட்டி மறுபடி ஓடியது. ஐயனார் இமைகூட அசையவில்லை. மெர்சி அவரது இன்னொரு மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று வியர்த்திருந்தது. நாடி நூலாக, பெட்டியையும் முந்திக்கொண்டு ஓடியது. போர்வையை விலக்கினாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீக?"

"அவுக கிட்ட ஏது தாயி ரத்தம்? ஏங்கிட்ட எடு."

மெர்சி கிளிப்பை அவர் விரலுக்கு மாற்றிவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். மண்ணீரல் கிழிந்திருந்தது. அங்கேயே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். ரத்த வகை பொருந்தியதால் சோணையம்மாளிடம் நிஜமாகவே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

தையல் பிரிக்கும் முன்பே மெர்சி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

"ஏ சோணை, எனக்கு ஒண்ணுன்னதும் ஒன் நெஞ்சு அம்புட்டு ஓட்டம் ஓடுச்சாமே?"

"அந்தப் பொட்டி பொய் சொல்லும்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஊதி, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அவருக்குக் கொடுத்தாள்.