அக்கா ஓடியதால் இறக்கவில்லை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நாளை மனதில் வைத்து வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இதை எழுத வேண்டியவர் எங்கள் அண்ணன். எழுதியும் கொடுத்தார். அதில் அக்காவின் பொறுமை இருந்தது, கைப்பக்குவம் இருந்தது, வெள்ளிக்கிழமை விரதம் இருந்தது. அக்கா ஓடினார் என்பது மட்டும் இல்லை. அச்சகத்துக்குப் போய் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படிப்பவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு ஓராண்டாகவே வந்துகொண்டிருக்கிறது.

அக்கா மேலகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு நெல் விவசாயம். பிள்ளைகள் அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். தென்காசியில் பள்ளியில் படிக்கும்போது அக்கா நானூறு மீட்டர் ஓடத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் பழகுவதற்கு இடம் ஏது? "அருவியில குளிச்சிட்டு வாரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, விடியும் நேரத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குற்றாலம் சாலையில் ஓடுவார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பவும் ஓடியே வருவார். வியர்வை எது, அருவித் தண்ணீர் எது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். குளித்து வந்த பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பசி என்று கேட்காமலே இரண்டு இட்லி கூடுதலாக வைப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் நடந்த மாவட்டப் போட்டியில் அக்கா முதலாவதாக வந்தார். அடுத்தது சென்னையில் மாநிலப் போட்டி. விளையாட்டு ஆசிரியை வீடு தேடி வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார்.

"டவுசர் போட்டுக்கிட்டு ஊரு முன்னால ஓடுததுக்கா பிள்ளைய வளத்தேன்? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார் அப்பா.

"நான் கூடவே இருப்பேன் அண்ணாச்சி. பத்திரமா கூட்டிட்டு வந்து விட்டுருதேன்."

"காப்பிய குடிச்சிட்டுக் கெளம்புங்க டீச்சர்."

அவ்வளவுதான் பதில். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டில் அண்ணனின் கைப்பந்து அணியும் சென்னைக்குப் போயிற்று. மாவட்டத்தில் அவர்கள் இரண்டாமிடம்தான். அண்ணனுக்குப் புது ஷூ வந்தது. குடும்பமே தென்காசி ரயில் நிலையத்துக்குப் போய் வழியனுப்பினோம். அவருடைய பனியனைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தது அக்கா. ரயில் நகர்ந்தபோது, "நல்லா ஆடுண்ணே" என்று சத்தமாகச் சொன்னதும் அக்காதான். அண்ணன் இதைப் படிப்பார். படிக்கட்டும். அவர் ஒன்றும் அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை, கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ஆனால் "அவளும் வரட்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா இளகியிருப்பார். அண்ணன் சொல்லி அப்பா தட்டியது கிடையாது.

சில ஆண்டுகளில் சிவகிரி அத்தானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்குத் தென்காசியில் அலுவலக வேலை என்பதால் அங்கேயே குடியிருந்தார்கள். பகலில் தனியாக இருந்த அக்கா, லெண்டிங் லைப்ரரியிலிருந்து வார இதழ்களையும் நாவல்களையும் எடுத்து வந்து படித்தார். விளையாட்டு வரும் காதல் கதைகளைத் தேடித் தேடிப் படித்தார்.

"எல்லாக் கதையிலயும் பந்தடிக்கது அவன், கைதட்டுதது அவ. ஒருத்தியாச்சும் எந்திரிச்சு மைதானத்துல எறங்குதாளா பாரு" என்று என்னிடம் எரிச்சலோடு சொன்னார். பிறகு தானே ஒரு கதை எழுதினார்.

கதையில் ஓடுகிறவள் அவள். தினமும் மைதானத்து வேலியோரம் நின்று பார்க்கிறவன் அவன். அவனுக்கு ஓடவே வராது. இருவரும் விரும்பித் திருமணம் செய்துகொள்கிறார்கள். கடைசியில் அவள் அடுத்த போட்டிக்கு ஓடுகிறாள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கூட்டத்தில் நின்று கத்துகிறான். சென்னையிலிருந்து வந்த வார இதழ் ஒன்று அதை வெளியிட்டது. அக்கா முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார். அங்கே அவள் தன் பதக்கத்தைக் கணவனின் காலடியில் வைத்து, "இனி நான் உங்கள் பின்னால் நடந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, யாரு இவ?" என்றார் அக்கா. "நான் எழுதுன பிள்ள இல்லியே இது."

அக்கா கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. குடும்ப வாசகர்களின் மனம் கோணாமலிருக்கச் சிறிய திருத்தம் செய்யப்பட்டதாகவும், தொடர்ந்து எழுதுமாறும் அதில் கண்டிருந்தது. அக்கா அதைக் கிழித்துப் போட்டார். மறுநாள் கார்பன் தாள் வாங்கி வந்து, தன்னுடைய முடிவை முப்பது பிரதி எழுதினார். நானும் எழுதினேன். மைதா பசை காய்ச்சிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். லைப்ரரி, தையல்கடை, மருத்துவர் வீட்டு வரவேற்பறை, சீசனுக்கு ஆள் வந்து தங்கும் குற்றாலத்து விடுதிகள் என்று எங்கெல்லாம் அந்த இதழ் கிடந்ததோ அங்கெல்லாம் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டினோம்.

லைப்ரரிக்காரர் அக்காவைக் கூப்பிட்டு, "பொஸ்தகத்தக் கெடுத்துட்டியே தாயி" என்று சத்தம் போட்டார். அக்கா அசையவில்லை.

"மொதல்ல கெடுத்தது அவுக. நான் சரி பண்ணிருக்கேன்."

பத்து நாள் கழித்து அதே மனிதர், "அந்த ஒட்டுனதத்தான் எல்லாப் பொம்பளையாளும் கேட்டு வாங்கிட்டுப் போறாவ" என்றார். அக்கா அன்று சிரித்ததுபோல நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்போடுதான் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். அத்தான் தடுக்கவில்லை. படித்து முடித்து, புளியறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தலைமையாசிரியர், "சாயங்காலம் பயலுவ ஆடுத நேரம். பொம்பளப் பிள்ளைகளுக்குக் கோலப்போட்டி வையுங்க" என்றாராம். அக்கா வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் அறுத்துக் கிடந்த வயலைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, நெல் அடித்தாளை மண்வெட்டியால் செத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, எட்டு ஆண்டுகள் அங்கேயே பெண்களை ஓட வைத்தார். நடவு வந்தால் சாலையில் ஓட விட்டார்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. "ஓடி ஓடி வயிறு காஞ்சு போச்சு" என்று சொந்தத்தில் சொல்லாதவர் குறைவு. வளைகாப்பு வீடுகளில் அக்காவை ஒதுக்கி உட்கார வைத்தார்கள். சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்தது. கெட்ட தண்ணீரால் வந்தது, ஈரல் கெட்டுவிட்டது என்று திருநெல்வேலி மருத்துவர் தெளிவாகச் சொன்னார். பதினெட்டு நாளில் போய்விட்டார். வயது முப்பத்து மூன்று. பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குரல் கேட்டது: "பொம்பள அந்த ஓட்டம் ஓடுனா உடம்பு தாங்குமா? அதான் கொண்டுட்டுப் போயிட்டு." அண்ணன் தலையை ஆட்டினார். அத்தான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இம்மலருக்காக எழுத உட்கார்ந்தபோது நான் அத்தானிடம் போய்க் கேட்டேன். "நீங்க ஏன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

"பிள்ள இல்லாத கொற எங்கிட்டதாம்மா" என்றார் அத்தான். "கல்யாணமாகி நாலாம் வருசமே டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய சொல்லாண்டாம், ஊர்ப் பேச்ச நான் கேட்டுக்கிடுதேன்னு உங்க அக்காதான் சொன்னா. நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன்."

"இத எழுதட்டா அத்தான்?"

"எழுது. எம்பேர்ல பழி விழட்டும். அவ சொமந்தது போதும்."

இத்தனை ஆண்டுகள் தாமதமாகச் சொன்னதற்காக அத்தான் மீது எனக்குக் கோபம் தீரவில்லை. இப்போதாவது சொன்னதற்காக அவரை வணங்குகிறேன். வளைகாப்பு வீடுகளில் அக்காவை ஒதுக்கியவர்கள் அத்தான் சொன்னதை இன்னொரு முறை படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இனி நன்றி. இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், வயலை விட்டுக்கொடுத்த விவசாயிக்கும், அனுமதி கேட்டு எங்கள் வீட்டுப் படியேறிய அந்த ஆசிரியைக்கும், கூடுதல் இட்லி வைத்த அம்மாவுக்கும் நன்றி. அக்கா இறந்த ஒன்பதாம் நாள் மாவட்டப் போட்டி. டீச்சர் இல்லாமல் போக வேண்டாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். தொடர் ஓட்டத்துக்கு அக்கா பழக்கிய நான்கு பெண்களும் தாங்களே பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய் ஓடிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலெல்லாம் புழுதி.

"நாலாவதா வந்தோம்க்கா" என்றாள் ஒருத்தி. "மூணாவது ஆள்ட்ட குச்சி குடுக்கும்போது கைதவறிட்டு. அடுத்த வருசம் தவறாது."

அந்த நால்வருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.