கச்சான் குழம்பும் காத்திருந்த கையும்

உயிருக்குள் பசியாய் எழுந்து, பசிக்குள் அன்னமாய் இறங்கி, அன்னத்துக்குள் அன்பாய் ஒளிந்திருக்கும் அம்பலவாணா! ஐந்தெழுத்தன்றி வேறு துணை அறியாத அடியேனின் எழுதுகோல் பிழை வழியே போகாதவாறு பிடித்தருள்வாய்.

இன்று தைப்பூச நன்னாள். காலையில் நீராடி, திருநீறு அணிந்து, சுவாமி படத்தின் முன் விளக்கேற்றி, வழக்கமான பதிகத்தை ஓதி முடித்த பின் இந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். நல்ல நாளொன்றில் எழுத வேண்டும் என்று பல வாரங்களாகத் தள்ளி வைத்திருந்த செய்தி இது. ஒரு வேளைச் சோற்றைப் பற்றியது. அதைச் சமைத்தவர் எங்கள் சமயத்தவர் அல்லர். எங்கள் நாட்டவரும் அல்லர். ஆயினும் அந்தச் சோற்றை நினைக்குந்தோறும் என் கைகள் தாமாகக் குவிகின்றன.

நாங்கள் குடியிருப்பது இத்தாலிய நகரொன்றில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் புகையிரத நிலையத்துக்கும் வியா மக்வேதா வீதிக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான தெருவொன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கீழே, முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த இடத்தில், செனகல் நாட்டுப் பெண்மணி ஒருவர் உணவகம் நடத்துகிறார். நான்கைந்து மேசைகள், சுவரில் பெரிய பள்ளிவாசல் ஒன்றின் படம், வாசலில் எந்நேரமும் யாராவது இருவர் நின்று உரத்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகள் அந்த வாசலைக் கடந்து ஏறி இறங்கியும் நான் உள்ளே கால் வைத்ததில்லை. சைவ உணவன்றி வேறு அறியாதவனுக்கு மீனும் இறைச்சியும் கொதிக்கும் அடுப்பிடம் என்ன அலுவல் என்று எண்ணியிருந்தேன். காலையில் எதிர்ப்பட்டால் அந்த அம்மையார் "புவோன் ஜோர்னோ, பப்பா" என்று, அப்பா என அழைத்துக் காலை வணக்கம் சொல்வார். நான் தலையசைப்பேன். எங்கள் உறவு அவ்வளவுதான்.

என் துணைவியார் இந்நகரத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் சமைத்துத் துடைத்து, அந்த மூதாட்டி கண்மூடும்வரை உடனிருந்து பார்த்தவர். பிறருக்கு ஊட்டியே பழகிய கை அவருடையது. சென்ற ஆண்டு அவருக்குக் கடும் நோய் வந்தது. மருந்து ஏற்றினார்கள். நோய் விலகிற்று, பசி மட்டும் திரும்பவில்லை. கடுகு வெடிக்கும் மணம் எழுந்தாலே முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார். நாக்கு மரக்கட்டையாகப் போய்விட்டது என்பார். மகனும் மருமகளும் நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியிலிருந்து கஞ்சி, ரசம், பழச்சாறு என்று சுமந்து வருவார்கள்.

"மாமி, ஒரு வாய். எனக்காக ஒரு வாய்," என்று மருமகள் கெஞ்சுவாள்.

"உனக்காக எண்டால் நீயே சாப்பிடு, பிள்ளை," என்று இவர் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

கெஞ்சுந்தோறும் அந்த உதடு இன்னும் இறுகிற்று. மருத்துவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை தெளிவானது: அடுத்த முறை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கு வழியே குழாய் விட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார்: "மூக்காலை சாப்பாடு ஏத்திற நிலைமை வந்தால், இஞ்சாருங்கோ, என்னை விட்டிடுங்கோ. நான் அப்பிடி இருக்க மாட்டன்."

அன்றிலிருந்து நான் ஓதிய பதிகங்களுக்கு வேறு பொருள் இருக்கவில்லை. முத்தி வேண்டாம், செல்வம் வேண்டாம், இவள் தொண்டைக்குள் ஒரு பிடி சோறு இறங்கட்டும் என்பதே பொருள். எங்கள் சனம் சமயம் பாராமல் ஏறிப்போகும், இந்நகரத்துக் கத்தோலிக்கர் வணங்கும் மலைக்குகைப் புனிதையிடமும் போய் நேர்ந்து வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரத்தப் பரிசோதனை முடித்துப் பேருந்திலிருந்து இறங்கி மெல்ல நடந்து வந்தோம். உணவக வாசலில் இவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக் கையைப் பிடித்தேன்.

"ஆரோ கச்சான் வறுக்கினம்," என்றார். நிலக்கடலையைத்தான் எங்கள் ஊரில் கச்சான் என்போம்.

நான் அவருடைய கைக்குட்டையைப் பார்த்தேன். அது இடுப்பிலேயே இருந்தது.

"மணம் வருகுதோ?" என்றேன்.

"ஏன், உங்களுக்கு வரேல்லையோ? தடிமனோ?"

அவரை மேலே கொண்டுபோய் இருத்திவிட்டு, இறங்கி வந்து, முதன்முறையாக அந்த வாசலைக் கடந்தேன். இத்தாலிய மொழி அந்த அம்மையாருக்கும் சொந்தமன்று, எனக்கும் சொந்தமன்று. இருவரும் பிழையாகவே பேசியதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"இறைச்சி இல்லாமல் ஏதும் இருக்கோ, சிஞ்ஞோரா?"

"மாஃபே இருக்கு. கச்சான் குழம்பு. இறைச்சித் துண்டை எடுத்துப்போட்டுத் தாறன்."

"எடுத்துப்போட்டால் காணாது. சட்டியிலை படவே கூடாது. மீனும் கூடாது."

"மீன் இல்லை, பப்பா. கருவாடு மட்டும். சின்னத் துண்டு."

"கருவாடு மீன் இல்லையோ?"

"காய்ஞ்சு போனாப் பிறகு அது என்ன மீன்!" என்று சிரித்தார். இறைச்சிச் சாறு கலந்த சூப்புக்கட்டியும் வேண்டாம் என்று நான் சொன்னபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பப்பா, நீங்கள் சாப்பிட வாறீங்களோ, என்னைச் சோதிக்க வாறீங்களோ?"

ஆனால் மறுக்கவில்லை. அடுத்த வெள்ளி, தொழுகை முடித்து வரும் கூட்டம் உண்டு கலைந்த பின், புதுச் சட்டியில் தனியாகச் சமைத்து வைப்பதாக வாக்களித்தார். நோயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுத் துன்பத்தை அறிமுகமில்லாதவர் முன் விரிப்பது எங்கள் வழக்கமன்று.

அந்த வெள்ளியன்று இவர் நிபந்தனையோடு இறங்கினார்: "சும்மா வந்து இருந்து பாக்கிறன். சாப்பிடு எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது."

அம்மையார் கொண்டு வந்தது அகன்ற எனாமல் பாத்திரம் ஒன்று. அடியில் குறுணல் அரிசிச் சோறு. அதன் மேல் செம்மண் நிறத்தில் கச்சான் குழம்பு. நடுவில் மரவள்ளிக் கிழங்கு, முழுக் கத்தரிக்காய், கரட், முட்டைக்கோவா, உடையாமல் வெந்த ஒற்றை மிளகாய். எண்ணெய் மேலே மினுங்கிற்று. ஒரு கோயில் படையலை அடுக்கும் கவனம் அதில் இருந்தது. ஆனால் பாத்திரம் ஒன்றே. மூவரானாலும் நால்வரானாலும் அதைச் சுற்றி அமர்ந்து கையால் உண்பது அவர்கள் முறை என்று விளங்கியது. ஒருவர் கை பட்டதில் மற்றவர் உண்பதா என்று என் உடல் தானாகப் பின்வாங்கிற்று. எச்சில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு தட்டுக் கேட்டேன். அம்மையார் புருவத்தை உயர்த்தினார். தட்டுகளைக் கொண்டு வந்து பகிர்ந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் எதிர்பாராதது அப்போது நடந்தது. தட்டு முன்னால் வந்ததும் என் துணைவியாரின் கை பழைய வேலையைத் தொடங்கிற்று. தன் தட்டிலிருந்த கத்தரிக்காய் என் தட்டுக்கு வந்தது. கிழங்கு வந்தது. குழம்பில் பாதி வந்தது. பின்பு கையை மடியில் கோத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். கணவன் உண்டெழுந்த பின்பே தான் உண்பது மணநாள் முதல் அவர் கொண்ட ஒழுக்கம். நோய் வந்த பின் அதுவே அவருக்கு நல்ல மறைவிடமாயிற்று. நான் உண்டு முடிப்பேன். அவர் "பிறகு" என்பார். அந்தப் பிறகு வருவதே இல்லை. தட்டுக் கேட்டு அந்த மறைவிடத்தை நானே இங்கும் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மேசை துடைக்க வந்த அம்மையார் நின்று பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையோ?"

"இல்லையே," என்றேன்.

"எங்கடை ஊரிலை கோபக்காரர்தான் தனித்தட்டிலை சாப்பிடுவினம்."

சொல்லிக்கொண்டே இரண்டு தட்டுகளையும் எடுத்துப் பாத்திரத்துக்குள் கவிழ்த்தார். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டுத் தானும் அமர்ந்தார். "எனக்கும் பசி. விடிய ஒரு பாண் துண்டு கடிச்சது. உங்கடை இந்தச் சட்டியைத்தான் நானும் இண்டைக்குச் சாப்பிடப்போறன். உப்புக் குறைஞ்சிருந்தால் நீங்கள்தான் பொறுப்பு."

செம்பில் நீர் கொண்டு வந்து முதலில் என் துணைவியாரின் கைகளிலும் பின்பு என் கைகளிலும் வார்த்தார். விரலால் பாத்திரத்தில் எல்லை காட்டினார். "இது மம்மாவின்ரை பக்கம். இது பப்பாவின்ரை. இது என்ரை. எல்லை தாண்டினால் பொலிசைக் கூப்பிடுவன்." பின்பு "பிஸ்மில்லா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

உணவின் முன் இறைவன் பெயரைச் சொல்லும் வாயைக் கண்டதும் என் கூச்சத்தில் பாதி கழன்றது. வாயிலிட்டுச் சுவை பார்த்த இறைச்சியை ஒரு வேடன் அன்பினால் படைக்க, அதை அமுதாய் ஏற்றவனையன்றோ நான் தினமும் பாடுகிறேன்! சிவ சிவ என்று சொல்லி என் பக்கத்துச் சோற்றில் கை வைத்தேன். கச்சானின் இனிப்பும் தக்காளியின் புளிப்பும் ஒன்றையொன்று அடக்காமல் இணைந்து நின்றன. தனித்தனியே வேகவைத்தது போல் ஒவ்வொரு காயும் தன் பதத்தில் இருந்தது. இத்தனை விலக்குகள் சொல்லியும் அந்தக் கை இப்படிச் சமைத்திருக்கிறதே என்று வியந்தேன்.

அம்மையார் மட்டும் உண்ணவில்லை. அவருடைய வலக்கை பாத்திரத்தின் விளிம்பில் நின்றது.

"சாப்பிடுங்கோ, சிஞ்ஞோரா," என்றேன்.

"மம்மா இன்னும் தொடேல்லை. விருந்தாளி தொடாமல் வீட்டுக்காரி தொடுறேல்லை."

"நீ சாப்பிடு, பிள்ளை. நான் இவர் சாப்பிட்டாப் பிறகுதான்," என்றார் என் துணைவியார்.

"சரி. அப்ப நான் நீங்கள் சாப்பிட்டாப் பிறகுதான்."

"ஐயோ, உனக்குப் பசிக்குதெல்லோ!"

"ஓம், மம்மா. நல்லாப் பசிக்குது."

அதில் கெஞ்சல் இல்லை. உபாயமும் இல்லை. இவர் நோயாளி என்பதே அந்த அம்மையாருக்குத் தெரியாது. தன் வீட்டு முறையை விட அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். இரண்டு பெண்களின் இரண்டு முறைகள் நேருக்கு நேர் நின்றன. நடுவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்போது அம்மையாரின் வயிறு எங்களுக்குக் கேட்கும்படி இரைந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கை விளிம்பை விட்டு அசையவில்லை. அந்த மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த புதிய தழும்பு ஒன்று இருந்தது.

என் துணைவியார் அந்தத் தழும்பையே பார்த்தார். பின்பு என்னிடம் தமிழில், கோபமாகவே, சொன்னார்: "விடியத் தொடக்கம் அடுப்பிலை நிண்ட பிள்ளையைச் சோத்துக்கு முன்னாலை பட்டினி போட்டுக்கொண்டு இருக்கிறன். இது என்ன பாவம், இஞ்சாருங்கோ!"

கையை நீட்டினார். தன் பக்கத்திலிருந்து சிறு உருண்டை ஒன்றைப் பிசைந்து வாயில் இட்டார்.

அம்மையார் அந்தக் கணமே தன் பக்கத்தில் பாய்ந்தார். அதைப் பார்த்து என் துணைவியார் சிரித்துவிட்டார், சிரித்தபடியே விழுங்கினார். உண்பவரின் முகத்தைப் பார்ப்பது அவர்கள் பந்தியில் இல்லை போலும். அம்மையார் குனிந்து தன் உணவிலேயே கண்ணாக இருந்தார். ஆனால் அவருடைய விரல்கள் நடுவிலிருந்த கிழங்கை உடைத்து ஒரு துண்டை இவர் பக்கம் தள்ளின. இவர் அதை எடுத்தார். கத்தரிக்காயின் மென்மையான பகுதி வந்தது. அதையும் எடுத்தார். சற்று நேரத்தில் இவர் கை ஓய்ந்தது. அம்மையாரின் கையும் ஓய்ந்தது. விருந்தாளி நிறுத்தினால் அவரும் நிறுத்த வேண்டும் போலும். இவர் அந்தக் கையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மீண்டும் ஒரு உருண்டை பிசைந்தார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். என் பக்கத்துச் சோற்றில் உப்புச் சற்றே கூடிற்று.

முடிவில் இவர் முன்னே பாத்திரத்தின் அடி தெரிந்தது. அங்கே ஒரு நீலப் பூ வரைந்திருந்தது.

அன்று மாலை முழுவதும் நான் வாளியையும் துவாயையும் அருகில் வைத்துக்கொண்டு பயத்தோடு காத்திருந்தேன். ஒன்றும் நிகழவில்லை. இவர் அயர்ந்து தூங்கினார். அதற்குப் பின் வெள்ளிதோறும் இறங்கினோம். பின்பு இடையிலும் இறங்கினோம். வீட்டிலும் இப்போது ஒரே பாத்திரம்தான். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மருமகள் முதலில் கண்டு திகைத்தாள். மறுநாள் அவளும் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

குறித்த நாளில் மருத்துவர் இவரை நிறுவைத் தராசில் ஏற்றினார். இறங்கச் சொல்லி மீண்டும் ஏற்றினார். எடை இறங்கவில்லை, சிறிது ஏறியிருந்தது. குழாயைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு இவர் "ஆப்பிரிக்கச் சாப்பாடு" என்று சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்தார்.

பேருந்திலிருந்து இறங்கியதும் நான் மாடிப்படிப் பக்கம் திரும்பினேன். இவர் திரும்பவில்லை. மதியக் கூட்டம் நிறைந்திருந்த உணவகத்துக்குள் நேரே நுழைந்து, மேசைகளுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கிச் சமையலறை வாசல்வரை போனார். அங்கே நின்று, குழாய் வேண்டாமாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

"பிள்ளை, நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

இதை வாசிக்கும் உங்கள் எல்லோர் இல்லங்களிலும் உலை குளிராதிருக்கட்டும். உங்கள் நாவில் சுவையும் வயிற்றில் பசியும் வற்றாதிருக்கட்டும். உண்ண மனமில்லாத நாளில் உங்களுக்காகத் தன் கையை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் ஓர் உயிர் எதிரே அமர்ந்திருக்கட்டும். அவ்வுயிர் எம்மொழி பேசினாலும், எப்பெயரால் இறைவனை அழைத்தாலும், அதன் உருவில் அவனே வந்து உங்களோடு உண்பானாக.