காற்றைக் கிழிக்கும் மூக்கு

அமெரிக்காவின் அயோவாவில் சோளமும் ஓட்ஸும் பயிரிட்ட ஐலர்ட் யாடன், 1939இல் புது டிராக்டர் வாங்கியதிலிருந்து அதைத் திட்டாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. பழைய டிராக்டரில் ரேடியேட்டர் வெளியே தெரியும். கை நீட்டினால் எட்டும். புதியதற்கோ, ரயிலுக்கு உருவம் வரைந்த நகரத்து ஆசாமி எவனோ ரேடியேட்டரை மூடி வழுவழுவென்று தகர மூக்கு வைத்திருந்தான். அறுவடையில் அந்த மூக்கின் இடுக்குகளில் உமி அடைத்துக்கொண்டு ரேடியேட்டர் கொதிக்கும். ஒவ்வொரு தடவையும் தகரத்தைக் கழற்றியாக வேண்டும்.

“காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகுமாம்! நான் போற வேகத்துக்கு என் கோழியே முந்திக்கிட்டுப் போயிடும். காத்து எங்க கிழியுது? என் விரல்தான் கிழியுது!”

கேட்டுக் கேட்டு மனைவி கேஷாவுக்குப் பொறுமை போயிற்று. ஒரு சனிக்கிழமை அவளே மூக்கைக் கழற்றிக் கோழிக்கொட்டகையில் போட்டாள்.

“இனிமேலாவது வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க.”

மறுநாள் சர்ச் முடிந்ததும், வழக்கம்போல எல்லாரும் அடுத்தவர் பண்ணைகளை நோட்டம் விட்டபடி மெதுவாகக் காரோட்டி வந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் மைன்ட்ஸ், ஐலர்டின் வாசலில் காரை நிறுத்தி, மூக்கில்லாமல் நின்ற டிராக்டரைப் பார்த்தார்.

“என்னப்பா ஐலர்ட், புதுசை வித்துட்டு மறுபடி பழசா? பணத்துக்கு ரொம்பக் கஷ்டமா?”

ஐலர்ட் சர்ச் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் பாய்ந்தார். மூக்குக்குள் உட்கார்ந்திருந்த கோழியை விரட்டினார். எச்சத்தைத் துடைத்து மூக்கை மாட்டி, வண்டியைச் சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

“இதையா இத்தனை நாளாத் திட்டுனீங்க?” என்றாள் கேஷா.

“என் வண்டி, நான் திட்டுவேன். அதுக்காக ஊர்க்காரன் என்னைப் பார்த்து இரக்கப்படணுமா?”