லண்டனுக்குப் போன என் பட்டியல்

விமானத்தில் பெட்டியைத் தொலைத்தவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் பதினாறு வருடமாக என் வேலை. டெல்லி துவாரகாவில் மெட்ரோ ஏறினால் அரை மணி நேரத்தில் ஆபீஸ். வெளிநாட்டு விமான நிறுவனங்கள் தங்கள் பயணிகளின் புகார்களை எங்களிடம் ஒப்படைத்துவிடும். நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அவர்கள் சார்பில் ஆங்கிலத்தில் பதில் எழுதுவோம். எங்களுக்கு மேலே இரண்டு பேர்: லண்டனில் ஒரு பெண்மணி, அமெரிக்காவில் ஒருவர். இரண்டு பேரையும் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை லண்டன் மேலாளரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. இனிமேல் கடிதங்களில் எழுதக் கூடாத இந்தியச் சொற்களின் பட்டியல் அது. தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு ப்ரீபோன் கூடாது, பதில் சொல்வதற்கு ரிவர்ட் பேக் கூடாது, வெளியூர் போனதற்கு அவுட் ஆஃப் ஸ்டேஷன் கூடாது, தயவுசெய்து என்பதற்குக் கைண்ட்லி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ‘டூ த நீட்ஃபுல்’. கூடவே, எப்படி எழுதக் கூடாது என்பதற்கு மாதிரியாக ஒரு கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் என் வரி எனக்குத் தெரியாதா? மூன்று இடங்களில் சிவப்புக் கோடு.

பக்கத்து மேஜையில் இருக்கும் பஞ்சாபிக்காரருக்கும் தெரிந்துவிட்டது. “மேடம்ஜி, இது உங்களுடையதுதானே?” என்று இந்தியில் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார், பாவம். “ஆமாம், பாய்சாப்” என்று இந்தியிலேயே சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அறிவியல், கணக்கு எல்லாம் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. பிறகு பிடிவாதமாக உட்கார்ந்து, செய்தித்தாளைச் சத்தம் போட்டு வாசித்து, பஸ்ஸில் எதிரே ஒட்டியிருக்கும் விளம்பரத்தைக்கூட விடாமல் படித்து, அந்த மொழியை என்னுடையதாக்கிக்கொண்டேன். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. அதனால்தான் அந்தச் சிவப்புக் கோடு உறுத்தியது.

அன்றிலிருந்து என் காது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரு கூட்டம் நடக்கும். லண்டனில் அப்போது மத்தியானம், அமெரிக்காவில் காலை. அவர்கள் பேசப் பேச, டைரியின் கடைசிப் பக்கங்களில் நான் குறித்துக்கொண்டே வந்தேன்.

லண்டன் மேலாளர் எதை மறுத்தாலும் ‘ஐயாம் அஃப்ரெய்ட்’ என்றுதான் தொடங்குவார். பயமாக இருக்கிறதாம். பெட்டியைப் பறிகொடுத்தவர் அல்லவா பயப்பட வேண்டும், இவருக்கென்ன பயம்? ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஆரம்பித்தால் அடுத்து வருவதில் மரியாதை மருந்துக்கும் இருக்காது. ‘அட் தி எண்ட் ஆஃப் த டே’ என்பதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே நாலு தடவை சொல்லிவிடுவார்.

அமெரிக்கர் வேறு ரகம். யாருக்காவது ஒரு போன் பண்ணச் சொன்னால் ‘ரீச் அவுட்’ என்பார், என்னவோ அந்த ஆள் கிணற்றுக்குள் விழுந்து கிடப்பது போல. எதற்கும் உடனே பதில் கிடையாது, ‘சர்க்கிள் பேக்’ பண்ணுவார். பிரகாரம் சுற்றி வருகிறாரா என்று தோன்றும். பிரிண்டர் சரியாகிவிட்டது என்றாலும் ‘ஆசம்’, பிரமாதமாம், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றாலும் ‘ஆசம்’. துளியும் அக்கறையில்லை என்பதற்கு அவர் சொல்லும் ‘ஐ குட் கேர் லெஸ்’ஸை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அக்கறை மிச்சம் இருக்கிறது என்றல்லவா பொருள் வருகிறது!

வீட்டிலும் தப்ப முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு, “அம்மா, தோசை குடு, பசில லிட்டரலி செத்துட்டேன்” என்றாள்.

“செத்தவ எப்படிட்டி தோசை கேக்குத?” என்றேன். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் டெல்லியில் பிறந்தவள் என்றாலும் கோபத்திலும் கேலியிலும் எனக்கு அந்தத் தமிழ்தான் வரும்.

“சில், மா” என்று சொல்லிவிட்டு இரண்டு தோசை சாப்பிட்டாள். அதையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆங்கிலேயப் பயணியின் புகார் என் மேஜைக்கு வந்தது. அறுபதைத் தாண்டிய பெண். மலையேற்றக் குழு ஒன்றோடு வெள்ளிக்கிழமை உத்தராகண்டுக்குக் கிளம்ப வேண்டியவர். டெல்லி வந்து இறங்கினார், பெட்டி வரவில்லை. அவருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அளவெடுத்து, ஒரு பக்கம் அடிப்பாகத்தை உயர்த்திச் செய்த மலையேற்றப் பூட்ஸ் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. டெல்லி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. கரோல் பாக்கில் ஒரு ஓட்டல் அறையில் காத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபீஸிலிருந்து அவருக்கு ஏற்கெனவே நாலு கடிதம் போயிருந்தது. எல்லாம் மேலிடம் அனுமதித்த வாசகங்கள். ஏற்பட்டிருக்கக்கூடிய எந்த அசௌகரியத்துக்கும் வருந்துகிறோம். உங்கள் பொறுமையைப் போற்றுகிறோம். கடைசிக் கடிதத்தில் அமெரிக்கர் சேர்க்கச் சொன்ன வரி: நாங்கள் ‘மொமெண்டரிலி’ உங்களைத் தொடர்புகொள்வோம். அமெரிக்காவில் அதற்கு ‘இதோ, ஒரு கணத்தில்’ என்று அர்த்தம். இங்கிலாந்திலோ ‘ஒரு கணம் மட்டும்’ என்று அர்த்தம். அந்த அம்மாள் திருப்பி எழுதியிருந்தார்: “ஒரே ஒரு கணம்தான் என்னோடு பேசுவீர்களா? உங்களில் யாராவது ஒருவர் என் பெட்டி எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டீர்களா?”

பெட்டி எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பெட்டியில் கட்டியிருந்த சீட்டில் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்து வேறொரு நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த கிடங்குக்காரரைப் போனில் பிடித்து, படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பூட்டு அப்படியே இருந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன். தவறு எங்களுடையது என்று எழுத வேண்டுமானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. லண்டனில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. நான் காத்திருக்கவில்லை.

“உங்கள் பெட்டியை நாங்கள் தவறான ஊருக்கு அனுப்பிவிட்டோம். தவறு எங்களுடையது. பெட்டி கிடைத்துவிட்டது, பூட்டு உடையவில்லை, படம் இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை டெல்லி வருகிறது, மதியத்துக்குள் உங்கள் ஓட்டலுக்கு வந்துவிடும். கைண்ட்லி அதுவரை காத்திருங்கள். வராவிட்டால் இந்த எண்ணில் என்னைக் கூப்பிடுங்கள், நானேதான் எடுப்பேன்.”

கைண்ட்லியைத் தெரிந்தேதான் போட்டேன்.

வியாழக்கிழமை பெட்டி போய்ச் சேர்ந்தது. மறுநாள் மலைக்குக் கிளம்பும் முன் அவர் பதில் எழுதியிருந்தார், பிரதி லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும். “ஐந்து கடிதங்களில் இது ஒன்றுதான் ஒரு மனிதர் எழுதியது. கைண்ட்லி என்று சொல்லி என்னிடம் யாரும் எதையும் கேட்டு வெகுநாள் ஆகிறது.”

அன்று மாலைக் கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு.

“இதை யார் எழுதியது?” என்று லண்டன் மேலாளர் கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

“நல்ல விஷயம்தான், ஆனால் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்” என்றார் அமெரிக்கர்.

லண்டன் மேலாளரின் கவனம் அமெரிக்கரிடம் திரும்பியது. “வித் ரெஸ்பெக்ட், உங்கள் ‘மொமெண்டரிலி’யால்தான் அந்த அம்மாளுக்குக் கோபமே வந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அது அர்த்தமே இல்லை.”

“எங்கள் ஊரில் அதுதான் அர்த்தம்” என்றார் அவர். “நீங்கள் ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று சொல்லும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறீர்கள் என்று எனக்கும் இப்போது தெரியும்.”

இரண்டு பேரும் ஐந்து நிமிடம் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே மொழிக்காரர்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தோம்! பஞ்சாபிக்காரர் என் டைரியைக் கண்ணால் காட்டினார். கையைத் தூக்கினேன்.

“என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது, படிக்கட்டுமா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு அனுமதிக்குக் காத்திருக்காமல் படித்தேன். பயம், கிணறு, பிரகாரம், ஆசம், எதையும் விடவில்லை. ‘லிட்டரலி’யை மட்டும் என் மகள் கணக்கில் சேர்த்தேன். படித்து முடித்ததும் லண்டன் மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அமெரிக்கர் ‘ஆசம்’ என்று வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“உங்கள் பட்டியலின் முதல் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்” என்றேன். “என் மொழியில் விண்ணப்பம் எழுதினால் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்போம். ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்று பொருள். பள்ளியில் அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதியபோது நான் தப்பான ஆங்கிலம் எழுதவில்லை, மரியாதையாக எழுதினேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. படிக்கிறவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். எடுத்துவிடுங்கள். அதே காரணத்துக்காக உங்களுடையவற்றையும் எடுத்துவிடுங்கள்.”

“அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்” என்றார் லண்டன் மேலாளர்.

அன்றைக்கு வீட்டில் முழுக் கதையையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அரசு நிறுவனமொன்றில் இன்ஜினியர், அதிகம் பேச மாட்டார். கேட்டு முடித்துவிட்டு, “லண்டன்காரிக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்க” என்றார். அடுத்த நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மல்லித்தூள் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் கேட்காமலே என் வீட்டுக்காரர் அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்பளத்தைப் பார்ப்பது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் புதிய கையேடு வந்தது. இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று மூன்று தேசத்துச் சொற்களும் நீக்கப்பட்டவற்றில் இருந்தன. தவறு நம்முடையதென்றால் நேராகச் சொல்லலாம், அனுமதி வேண்டாம் என்று ஒரு விதியும் சேர்ந்திருந்தது. கைண்ட்லி பிழைத்துக்கொண்டது.

வருட முடிவில் என் வேலையைப் பற்றி லண்டன் மேலாளர் எழுதிய மதிப்பீடு வந்தது. ஒரே வரி: ‘க்வைட் குட்’. அமெரிக்கர் உடனே கூப்பிட்டுப் பாராட்டினார், அவர் ஊரில் அது பெரிய புகழ்ச்சி. ஆனால் ஆங்கிலேயர்கள் அப்படிச் சொன்னால் ‘ஏதோ பரவாயில்லை’ என்றுதான் பெரும்பாலும் அர்த்தம் என்பது எனக்கு இதற்குள் அத்துப்படி. சும்மா விடவில்லை. எந்த ஊர் அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று மெயிலில் கேட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “அமெரிக்க அர்த்தத்தில்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக.”

அதை அச்செடுத்து, மேஜைக்கு எதிரே என் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினேன். பஞ்சாபிக்காரர் நாலு குண்டூசி கொண்டுவந்து, கோணலாக இருக்கிறது என்று சொல்லி நேராக்கிக் குத்தினார்.